இன்சாகி அடித்த கோல்களில் அதிர்ஷ்டம் எவ்வளவு?

கேள்வி இதுதான்: இத்தாலியக் கால்பந்து வீரர் பிலிப்போ இன்சாகியின் பழைய கோல்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தால், பெரிய டிரிப்பிளிங் இல்லை, தூரத்திலிருந்து இடிபோல அடித்த ஷாட் இல்லை. பாதிக்கு மேல் கோல் வாசலில் நின்று காலால் தட்டிவிட்டவை. சில கோல்கள் உடம்பில் பட்டுப் போனவை. இவரை எப்படி இத்தாலியின் பெரிய ஸ்ட்ரைக்கர்களில் ஒருவராகச் சொல்கிறார்கள்? வெறும் அதிர்ஷ்டம்தானே?

இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்சாகியின் திறமை கோல் தொகுப்புகளில் தெரியவே தெரியாது. பந்து காலுக்கு வரும் நேரத்திலிருந்துதான் தொகுப்பு தொடங்குகிறது. அவருடைய வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

ஒரு கோலை எடுத்துக்கொள்வோம். 2006 ஏப்ரல் 4, மிலான் நகரின் சான் சீரோ மைதானம். சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம், ஏசி மிலானுக்கும் பிரான்ஸின் லியோனுக்கும். முதல் ஆட்டம் லியோனில் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. இங்கே இன்சாகி தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், லியோன் திருப்பிப் போட்டுவிட்டது. 1–1 என்றே முடிந்தால், சமநிலையில் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற அப்போதைய விதிப்படி லியோன்தான் அரையிறுதிக்குப் போகும். 88-வது நிமிடம் மிலானின் ஷெவ்சென்கோ ஒரு ஷாட் அடிக்கிறார். பந்து ஒரு கம்பத்தில் பட்டு, கோல் வாயின் குறுக்கே ஓடி, மறு கம்பத்திலும் பட்டு வெளியே வருகிறது. வந்த இடத்தில் இன்சாகி. தட்டுகிறார், கோல். கடைசியில் ஷெவ்சென்கோ இன்னொன்று சேர்க்க, ஆட்டம் 3–1.

இதைப் பார்க்கிற யாரும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார்கள். பந்து இரண்டு கம்பத்திலும் பட்டது அதிர்ஷ்டமேதான். ஆனால் அந்த ஷாட் அடிக்கப்பட்ட நொடியில் நிறுத்தி, லியோன் டிஃபெண்டர்களைப் பாருங்கள். அவர்கள் பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். இன்சாகி பந்து திரும்பி வந்தால் எங்கே வரும் என்ற இடத்துக்குப் போகிறார். பத்து முறை இப்படிப் போனால் ஒன்பது முறை பந்து வலைக்குள்ளோ கோல்கீப்பர் கைக்கோ வெளியேயோ போய்விடும், ஓட்டம் வீண். அந்த வீண் ஓட்டத்தை எந்தத் தொகுப்பிலும் போடமாட்டார்கள். பத்தாவது ஓட்டம் மட்டும் கோலாகிறது. இருபது ஆண்டுகள் அலுக்காமல் அந்த ஒன்பது வீண் ஓட்டங்களையும் ஓடியவர் இன்சாகி.

அப்புறம் ஆஃப்சைடு. இன்சாகியைப் பற்றிப் பேச இதைத் தொடாமல் முடியாது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன், இவர் பிறந்ததே ஆஃப்சைடில்தான் என்ற மாதிரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லி அது இவருடைய அடைமொழியாகவே ஆகிவிட்டது.

ஆஃப்சைடு விதியைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நம் ஆள் நமக்குப் பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நாம் கோல் பக்கம் நிற்கக் கூடாது. பெரும்பாலும் கடைசி ஆள் கோல்கீப்பர், அதனால் கடைசி டிஃபெண்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு சங்கதிகள் இன்சாகிக்கு முக்கியம். ஒன்று, கணக்கில் வருவது உதைக்கும் நொடி மட்டும்தான். அதற்கு முன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், சும்மா ஆஃப்சைடில் நிற்பது குற்றமில்லை. இரண்டு, 1990 வரை டிஃபெண்டருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அந்த ஆண்டுதான் விதியை மாற்றி, சமமாக நின்றால் தப்பில்லை என்றார்கள். இன்சாகி சொந்த ஊரான பியாச்சென்சாவின் முதல் அணிக்கு ஆட வந்தது 1991-92 பருவத்தில். அவருக்காகவே மாற்றி வைத்ததுபோல இருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1980-களின் கடைசியில் அர்ரிகோ சாக்கி பயிற்சியளித்த ஏசி மிலான், டிஃபெண்டர்கள் நால்வரும் ஒரே கோட்டில் நின்று, ஒன்றாக முன்னேறி, எதிரணி ஸ்ட்ரைக்கர்களை ஆஃப்சைடில் சிக்க வைக்கும் முறையில் ஆடி ஐரோப்பாவையே வென்றது. அதற்குப் பிறகு இத்தாலியில் பல அணிகள் அதே பாதையில் போயின. முன்பெல்லாம் ஒரு ஸ்ட்ரைக்கரை ஒரு டிஃபெண்டர் ஆட்டம் முழுக்க நிழல்போல ஒட்டிக்கொண்டு திரிவார். கோட்டு முறையில் அப்படி இல்லை, எல்லோரும் கோட்டையும் பந்தையும்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் திறந்து கிடக்கும். அதில் சரியான நொடியில் நுழையத் தெரிந்தவனுக்கு அது தங்கச் சுரங்கம்.

இன்சாகி செய்தது இது. டிஃபெண்டரின் கண்ணுக்கு முன்னால் நிற்க மாட்டார். அவருடைய தோளுக்குப் பின்னால், ஒரு எட்டு தள்ளி நிற்பார். டிஃபெண்டருக்கு இப்போது தர்மசங்கடம். பந்தைப் பார்த்தால் இன்சாகி தெரியமாட்டார், இன்சாகியைப் பார்க்கத் திரும்பினால் பந்து தெரியாது. பந்து நடுக்களத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது இன்சாகி ஆஃப்சைடில் போய் நிற்பார், மறுபடி உள்ளே வருவார், மறுபடி வெளியே போவார். பார்க்கிறவர்களுக்கு அலைந்து திரிவதுபோல இருக்கும். பாஸ் கொடுக்கப் போகிறவர் தலையைக் குனிந்து காலைப் பின்னுக்கு எடுக்கிறார் பாருங்கள், அந்த நேரத்தில் இவர் கோட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பார். பந்து காலை விட்டதும் அந்த ஓட்டம் கோலை நோக்கி வளையும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் டிஃபெண்டருக்கும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இவருக்கும் இரண்டு எட்டு வித்தியாசம் வந்துவிடும். இன்சாகி வேகமான ஆள் இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு எட்டை வைத்துக்கொண்டவரை வேகமான ஆளாலும் பிடிக்க முடியவில்லை.

இத்தனை நுணுக்கமாக ஆடினால் பல முறை தப்பும். லைன்ஸ்மேனின் ஆஃப்சைடு கொடி உயர்ந்துகொண்டே இருக்கும். சில ஆட்டங்களில் ஏழெட்டு முறை ஆஃப்சைடில் சிக்குவார், மைதானமே முணுமுணுக்கும், அவர் அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிவிடுவார். லைன்ஸ்மேன்களும் தவறு செய்தார்கள், இரண்டு பக்கமும். 2002 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அவர் போட்ட நல்ல கோல் ஒன்று ஆஃப்சைடு என்று தள்ளப்பட்டது. 2010-ல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோல் ஆஃப்சைடுதான், ஆனால் கொடி ஏறவில்லை. வீடியோ நடுவர் முறை வருவதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார். இப்போது ஆடியிருந்தால் அவருடைய பாதி கோல்கள் போயிருக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். போயிருக்கும் அளவுக்குத் திரும்பவும் வந்திருக்கும்.

சரி, ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

1973 ஆகஸ்ட் 9 அன்று வட இத்தாலியின் பியாச்சென்சாவில் பிறந்தார். போ நதிக் கரையிலுள்ள சிறு நகரம். தம்பி சிமோனே மூன்று ஆண்டு இளையவர், அவரும் ஸ்ட்ரைக்கர். பின்னாளில் பயிற்சியாளராக இன்டர் மிலானை இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோன அதே சிமோனே இன்சாகிதான். ஊர் அணியில் இடம் கிடைக்காமல், பெர்கமோ பக்கத்துச் சிற்றூரான லெஃபேயின் அணிக்கு மூன்றாம் நிலை லீக்கில் ஆடக் கடனாக அனுப்பினார்கள். 21 ஆட்டங்களில் 13 கோல். அடுத்து இரண்டாம் நிலையில் வெரோனாவுக்கு, அங்கேயும் 13. திரும்பி வந்து பியாச்சென்சாவுக்கு 15 கோல் போட்டு, அணியை முதல் நிலையான சீரி ஆ-வுக்கு ஏற்றிவிட்டார். எந்த நிலைக்குப் போனாலும் கோல் வந்துகொண்டே இருந்தது.

1995-ல் பார்மாவுக்குப் போனார். அங்கே சோலா, ஸ்டோய்ச்கோவ், ஆஸ்ப்ரில்யா என்று நட்சத்திரக் கூட்டம். இடமே கிடைக்கவில்லை, லீக்கில் இரண்டே கோல். அதில் ஒன்று சொந்த ஊர் பியாச்சென்சாவுக்கு எதிராக. போட்டுவிட்டு அழுதுவிட்டார். கோல் அடித்தால் மைதானத்தின் மூலைவரை கத்திக்கொண்டு ஓடுகிற, பைத்தியம் பிடித்தவர்போலக் கொண்டாடுகிற மனிதரைத்தான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த அழுகையும் அந்தக் கத்தலும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும்.

அடுத்த ஆண்டு அடலாண்டாவில் எல்லாம் திரும்பியது. 1996-97 பருவத்தில் 24 கோல், சீரி ஆ-வில் அந்த ஆண்டு அதிகக் கோல் அடித்தவர் அவர்தான். அங்கே பயிற்சியாளராக இருந்த எமிலியானோ மொந்தோனிக்கோ சொன்னதாக ஒன்று இன்றைக்கும் இத்தாலியில் சொல்லப்படுகிறது: இன்சாகி கோலைக் காதலிக்கவில்லை, கோல்தான் இன்சாகியைக் காதலிக்கிறது. அழகான பேச்சு. ஆனாலும் அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதிர்ஷ்டக்காரர் என்ற எண்ணத்தை அது இன்னும் உறுதியாக்கிவிட்டது. அடலாண்டாவில் அவருக்குப் பின்னால் தொமேனிக்கோ மோர்ஃபியோ என்ற அருமையான இளைஞர் ஆடினார், தலை நிமிர்ந்து பாஸ் கொடுக்கத் தெரிந்தவர். இன்சாகி மாதிரி ஆளுக்கு இப்படிப்பட்ட ஒருவர் தேவை. ஓட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர் பின்னால் இல்லாவிட்டால் அந்த ஓட்டங்கள் எல்லாம் வெறும் வியர்வைதான்.

யுவென்டஸில் நான்கு ஆண்டுகள், 165 ஆட்டங்களில் 89 கோல். ஜிதான் பின்னால், தெல் பியேரோ பக்கத்தில், லிப்பி பயிற்சியாளர். முதல் பருவத்திலேயே லீக் பட்டம். 1998 மே 10 அன்று பட்டத்தை உறுதி செய்த போலோன்யா ஆட்டம் 3–2, மூன்றும் இன்சாகி. அதே பருவத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் டைனமோ கீவ் அணியை அவர்கள் ஊரிலேயே 4–1 என்று வென்றபோதும் ஹாட்ரிக். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 1–0 தோல்வி. மறு ஆண்டு அரையிறுதியில், துரின் நகரில், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பதினோரு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். அதையும் யுனைடெட் திருப்பி 3–2 என்று ஜெயித்துப் போய்விட்டது. 2000-ல் பெருஜாவில் கொட்டிய மழையில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று தொடர்ந்த கடைசி ஆட்டத்தில் யுவென்டஸ் தோற்றது, லீக் பட்டம் லாட்சியோவுக்குப் போனது. அதே நாளில் லாட்சியோவுக்காக கோல் போட்டவர்களில் தம்பி சிமோனேயும் ஒருவர். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பட்டம், ஒருவருக்கு மழையில் நனைந்த தோல்வி. அந்த அம்மா அப்பாவுக்கு அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் த்ரெசகே என்ற இன்னொரு ஸ்ட்ரைக்கர் வந்தார், இன்சாகிக்கு இடம் குறைந்தது. 2001-ல் ஏசி மிலான். இங்கேதான் அவருடைய கதை நிலைத்தது. பதினோரு ஆண்டுகள், 300 ஆட்டங்கள், 126 கோல்.

2002-03 அவருடைய உச்சம். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 30 கோல். அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீக்கில் அயாக்ஸுடன் நடந்த காலிறுதி இரண்டாம் ஆட்டத்தை நேரம் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள். 2–2. இதோடு முடிந்தால் மிலான் வெளியே. தொண்ணூறு நிமிடமும் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த கடைசி நிமிடங்கள் ஓடுகின்றன. மால்தினி தன் பாதியிலிருந்து ஒரு நீளமான பந்தைத் தூக்கிப் போடுகிறார். பந்து இன்சாகியிடம் வந்ததும், முன்னால் வரும் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிவிடுகிறார். பந்து வலைக்குள் விழப் போகும் நேரத்தில் அதே மிலானின் தோமாசன் ஓடி வந்து அதைத் தொட்டுவிடுகிறார். கணக்கில் கோல் தோமாசனுடையது. இன்சாகி அதற்காகக் கோபப்படவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டு ஓடினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது பழைய அணியான யுவென்டஸ். மைதானம் மான்செஸ்டரின் ஓல்டு ட்ராஃபோர்டு. பாய்ந்து முட்டிய அவருடைய பந்தை யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் தடுத்தது இன்றைக்கும் புஃபோனின் சிறந்த தடுப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் மிலான் வென்றது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் காயம். முழங்கால், கணுக்கால் என்று ஒன்று மாற்றி ஒன்று. 2004-05 லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. லிவர்பூலிடம் 3–0 முன்னிலையைத் தொலைத்துத் தோற்ற இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் அவர் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில்கூட இல்லை. முப்பதைத் தாண்டிவிட்டார், கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

அவர் என்ன செய்தார் என்றால், உடம்பைப் பார்த்துக்கொண்டார். நாள் தவறாமல் ஒரே சாப்பாடு: குழம்பு எதுவும் இல்லாத வெறும் பாஸ்தா, அதோடு பிரெசாவோலா எனப்படும் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி. மிலானில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த அன்செலோத்தி தன் சுயசரிதையில் ஒரு பிஸ்கட் விஷயத்தைச் சொல்கிறார். இத்தாலியில் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட்டைத்தான் இன்சாகி தின்பாராம், பொட்டலத்தின் அடியில் இரண்டை எப்போதும் மிச்சம் வைப்பாராம். அது நல்ல சகுனம் என்ற நம்பிக்கை. ஆட்டத்துக்கு முந்தைய நேரமெல்லாம் இப்படிச் சின்னச் சின்ன சடங்குகளால் நிறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டாகத் தெரியும். ஒரு மனிதர் கோல் என்ற ஒன்றுக்காகத் தன் நாளை, தட்டை, தூக்கத்தை எல்லாம் ஒழுங்கு செய்து வைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தெரிகிறது.

இத்தாலி அணிக்காக 57 ஆட்டங்களில் 25 கோல். உலகக் கோப்பைகளில் ஒன்றே ஒன்று, 2006-ல் செக் குடியரசுக்கு எதிராக ஹாம்பர்க்கில். அந்த ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டவர் பின்னாளில் சென்னையின் எஃப்சி-க்குப் பயிற்சியாளராக வந்து கோப்பை வாங்கிக் கொடுத்த மார்க்கோ மாத்தராட்ஸி. காயம்பட்டு வெளியேறிய நெஸ்டாவுக்குப் பதிலாக வந்தவர் அவர், நெஸ்டாவும் பிற்பாடு சென்னைக்கு ஆடினார். 87-வது நிமிடம் இன்சாகி தனியாக ஓடுகிறார், பக்கத்திலேயே சிமோனே பரோனே. முன்னால் கோல்கீப்பர் பெட்ர் செக் ஒருவர்தான். ஒரு சின்ன பாஸ் கொடுத்தால் பரோனே வெறும் வலைக்குள் உருட்டிவிடலாம். இன்சாகி கொடுக்கவில்லை. செக்கைத் தாண்டி அவரே போட்டார். பரோனேயும் அதே வேகத்தில் ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு கோல் வாசல்வரை வந்து நிற்பது பார்க்கப் பாவமாக இருக்கும்.

சுயநலக்காரர் என்று இதை வைத்துச் சொல்வார்கள். அந்த ஒரு ஓட்டத்தில் சுயநலம் இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் 1998 உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராக ராபர்தோ பாஜோ கடைசி நேரத்தில் போட்ட கோலையும் பார்க்க வேண்டும். பந்தை வாசலுக்குக் குறுக்கே கொண்டு வந்து கொடுத்தது இன்சாகி. நிச்சயமான கோல் இன்னொருவரிடம் இருந்தால் கொடுத்துமிருக்கிறார். 2006-ல் அவருக்கு முப்பத்திரண்டு வயது, காயங்களைத் தாண்டி வந்திருக்கிறார், இனி ஒரு உலகக் கோப்பை கிடையாது. இத்தாலி கோப்பையை வென்ற அந்தத் தொடரில் அவருக்குக் கிடைத்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

இப்போது ஏதென்ஸுக்கு வருவோம். 2007 மே 23, மறுபடி லிவர்பூல். அந்தப் பருவம் முழுக்க லீக்கில் இன்சாகி போட்டது இரண்டே கோல். ஜிலார்தீனோ என்ற இளைய ஸ்ட்ரைக்கர் அணியில் இருந்தார். இரண்டே கோல் அடித்த 33 வயதுக்காரரை இறுதியாட்டத்தில் இறக்குவது என்று அன்செலோத்தி முடிவு செய்தார். லிவர்பூல்தான் நன்றாக ஆடியது, முதல் பாதி முடியும் வரை. 45-வது நிமிடம் பிர்லோ ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். கோல்கீப்பர் ரெய்னா பந்தின் பாதையைச் சரியாகக் கணித்துப் பாய்ந்துவிட்டார். நடுவில் ஓடிய இன்சாகியின் மேல்கையும் நெஞ்சும் சேரும் இடத்தில் பட்டுப் பந்து திசை மாறி உள்ளே போனது. கையா நெஞ்சா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இதைத்தான் உடம்பில் பட்டுப் போன கோல் என்று கேள்வியில் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, பாதிக்கு மேலேயே இருக்கலாம். ஆனால் பிர்லோ அடித்த பந்தின் பாதையில், கோல்கீப்பர் பாய்ந்த பிறகு, குறுக்கே ஓடியவர் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது கோலில் அந்த வாதத்துக்கே இடமில்லை. 82-வது நிமிடம், காகா பந்தோடு நடுவில் தலை நிமிர்ந்து நிற்கிறார். இன்சாகி டிஃபெண்டர்களின் கோட்டோடு ஒட்டி நகர்கிறார், காகாவின் கால் பந்தைத் தொடும் நொடியில் கோட்டில்தான் இருக்கிறார், பந்து புறப்பட்டதும் வளைந்து உள்ளே. ரெய்னா வெளியே வருகிறார். இன்சாகி பந்தை வலப்பக்கம் தள்ளி அவரைச் சுற்றிப் போகிறார், கோணம் ஒடுங்கிவிட்டது, தரையோடு உருட்டுகிறார். பந்து மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே போகிறது. கடைசியில் லிவர்பூலின் கைட் ஒன்று திருப்பினாலும் 2–1, கோப்பை மிலானுக்கு. இந்தியாவில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

அந்த ஆண்டு அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் மொனாக்கோவில் செவில்லாவுக்கு எதிரான ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் ஒரு கோல். டிசம்பரில் யோகோஹாமாவில் போக்கா ஜூனியர்ஸுடன் கிளப் உலகக் கோப்பை இறுதியில் இரண்டு. ஒரே ஆண்டில் மூன்று பெரிய இறுதியாட்டங்கள், ஐந்து கோல். அதிர்ஷ்டம் ஒருவரை ஒரு முறை கோல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஏதென்ஸ், மொனாக்கோ, யோகோஹாமா என்று மூன்று ஊருக்கும் கூடவே வருமா?

2010 நவம்பர் 3, சான் சீரோ. வயது 37. மொரீன்யோவின் ரியல் மாட்ரிட் 1–0 என்று முன்னால். ரொனால்டினியோவுக்குப் பதிலாக உள்ளே வந்து, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல். இரண்டாவது ஆஃப்சைடு என்று முன்பே சொன்னேன். ஆட்டம் 2–2 என்று முடிந்தது. ஆனால் அந்த இரண்டோடு ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் அவருடைய கணக்கு 70 ஆனது, ஜெர்மனியின் பழைய ஸ்ட்ரைக்கர் கெர்ட் ம்யூல்லரைத் தாண்டியிருந்தார். மறுவாரமே பலெர்மோ ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவத்தின் மீதி பெரும்பாலும் போயிற்று.

கடைசி ஆண்டில் பயிற்சியாளர் அலெக்ரி அவரைச் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. லீக்கிலும் எப்போதாவது சில நிமிடங்கள். 2012 மே 13, பருவத்தின் கடைசி ஆட்டம், சான் சீரோவில் நோவாரா. நெஸ்டா, கத்தூசோ, சேடோர்ஃப் எல்லோருக்குமே மிலானில் அதுதான் கடைசி நாள். 1–1. இன்சாகி உள்ளே வருகிறார். 82-வது நிமிடம் சேடோர்ஃப் டிஃபெண்டர்களின் தலைக்கு மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். இன்சாகி வழக்கம்போலக் கோட்டிலிருந்து கிளம்பியிருந்தார். நெஞ்சில் வாங்கி அடித்தார், கோல், அந்த ஆண்டு லீக்கில் அவருடைய ஒரே கோல். ஏதென்ஸில் ஓடியதுபோலவே, பார்மாவில் அழுததுபோலவே, அன்றும் அழுதுகொண்டே ஓடினார். மைதானமே அழுதது.

பயிற்சியாளர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014-15-ல் மிலானுக்குப் பத்தாவது இடம்தான். வெனீசியாவை மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கும், பெனெவெந்தோவை 2020-ல் முதல் நிலைக்கும், பீசாவை 2025-ல் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் நிலைக்கும் ஏற்றினார். நடுவில் பல இடங்களில் பதவி போயிருக்கிறது. அணியை மேலே ஏற்றுவதில் கெட்டிக்காரர், மேலே போன பின் அங்கே நிலைக்க வைப்பது அவருக்குச் சிரமமாகவே இருந்திருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. கோல் தொகுப்பை விட்டுவிட்டு, ஏதென்ஸ் இறுதியாட்டத்தின் பதிவை 75-வது நிமிடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், வெள்ளைச் சட்டையில் ஒன்பதாம் எண்ணை மட்டும் பாருங்கள். கேமராவில் தெரியும்போதெல்லாம் அவர் தோளுக்கு மேலே லைன்ஸ்மேன் பக்கமும், டிஃபெண்டர்கள் பக்கமும், பாஸ் கொடுக்கிறவர் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். 82-வது நிமிடம் காகா தலை நிமிரும்போது, பாஸ் எங்கே போகும் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும்.